குக்கீ ஒப்புதல்: சட்டம் கேட்டது ஒன்று, திரையில் வந்து நிற்பது வேறொன்று

இணையத்தில் ஒரு கட்டுரையைப் படிக்கப் போனால், அதற்கு முன்பாக ஒரு பெட்டி வந்து வழிமறிக்கிறது. "உங்கள் தனியுரிமையை மதிக்கிறோம்" என்று தொடங்கி, குக்கீகளை வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறது. கண்ணில் படும் பெரிய பொத்தானை அழுத்திவிட்டு வந்த வேலையைப் பார்க்கப் போகிறவர்கள்தான் அதிகம். இந்தத் தொல்லை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பலரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தைக் கைகாட்டுவார்கள். ஆனால், எல்லா இணையதளங்களும் இப்படியொரு பெட்டியை வைத்தாக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. கேட்ட சேவையைத் தருவதற்குத் தேவையானதைத் தாண்டி, வாசகரின் கருவியில் எதையாவது எழுதவோ படிக்கவோ விரும்பும் தளம் முதலில் அவருடைய ஒப்புதலைப் பெற வேண்டும் என்றுதான் இருக்கிறது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் குக்கீ விவாதத்தில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

குக்கீ என்பது என்ன?

இணையப் பக்கங்கள் நம்மிடம் வந்து சேரும் முறைக்கு நினைவாற்றல் கிடையாது. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கிறது, சர்வர் அனுப்புகிறது, அத்தோடு கணக்கு முடிந்தது. அடுத்த நொடியே இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும் சர்வரைப் பொறுத்தவரை வந்திருப்பவர் புதிய ஆள். முகங்களை நினைவில் வைத்துக்கொள்ள முடியாத ஒரு குமாஸ்தா, வருகிறவர் கையில் எண் பொறித்த வில்லை ஒன்றைக் கொடுத்து, அடுத்த முறை வரும்போது காட்டச் சொல்வதைப் போன்றதுதான் குக்கீ. வில்லையில் எண் மட்டும்தான் இருக்கும். அந்த எண்ணுக்கு நேரே என்னென்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது குமாஸ்தாவின் பேரேட்டில் இருக்கும்.

இதை 1994-இல் உருவாக்கியவர் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த லூ மாண்டுல்லி. இணையத்தில் கடை நடத்த விரும்பிய ஒரு வாடிக்கையாளர் நிறுவனம், பாதியில் நிற்கும் கொள்முதல் விவரங்களைத் தன் சர்வரில் சேர்த்துவைக்க விரும்பவில்லை. வாங்குபவரின் கணினியிலேயே அவற்றை வைக்க வழி உண்டா என்று கேட்டது. அதற்குக் கிடைத்த விடைதான் குக்கீ. கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்துக்குப் போனாலும் கூடையிலேயே இருப்பதும், ஒருமுறை கடவுச்சொல் கொடுத்தால் பக்கத்துக்குப் பக்கம் மீண்டும் கேட்காமல் இருப்பதும், தேர்ந்தெடுத்த மொழியைத் தளம் மறக்காமல் இருப்பதும் இதன் உபயம்.

ஒரு குக்கீயைத் திறந்து பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். "பயனர்_எண் = 7304918265" என்று ஒரு வரி. எந்தத் தளத்துக்குரியது, எந்தத் தேதியில் காலாவதியாகும், மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் மட்டும்தான் அனுப்ப வேண்டுமா என்பன போன்ற சில குறிப்புகள். அவ்வளவுதான். பொதுவாக 4,096 பைட்டுகளுக்குள் அடங்கிவிடும் வெறும் எழுத்து அது. அது தானாக இயங்கும் நிரல் கிடையாது, கணினியில் உள்ள கோப்புகளைத் துழாவ அதனால் முடியாது, வைரஸும் ஆகாது. ஒரு தளம் வைத்த குக்கீயைப் பிரவுசர் அந்தத் தளத்துக்கு மட்டுமே திருப்பி அனுப்பும். சில குக்கீகள் பிரவுசரை மூடியதும் மறைந்துவிடும், சில மாதக்கணக்கில் இருக்கும்.

இத்தனை எளிய ஒரு வரி எப்படி அந்தரங்கத்தின் எதிரியாக மாறியது?

ஒரு பக்கம், பல வீட்டுக்காரர்கள்

நாம் ஒரு தளத்தின் முகவரியைத் தட்டினாலும், திரையில் வரும் பக்கம் அந்த ஒரு தளத்திலிருந்து மட்டும் வருவதில்லை. விளம்பரம் ஒரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வரும், காணொளி இன்னொன்றிலிருந்து வரும், சமூக ஊடகத்தின் பகிர்வுப் பொத்தான் மற்றொன்றிலிருந்து வரும். கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி அளவுப் படம் வேறெங்கிருந்தோ வரும். ஒவ்வொரு துண்டைக் கேட்கும்போதும் பிரவுசர் அந்தந்தச் சர்வரிடம் தனித்தனியாகப் பேசுகிறது. அப்போது அவையும் தத்தம் குக்கீயை வைக்கலாம், முன்பு வைத்ததைத் திரும்பப் பெறலாம். இவற்றைத்தான் மூன்றாம் தரப்பு குக்கீகள் என்கிறோம்.

ஒருவர் காலையில் ஒரு மருத்துவத் தளத்தில் மனச்சோர்வுக்கான அறிகுறிகளைப் படிக்கிறார். மதியம் வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் தேடுகிறார். இரவில் செய்தித் தளத்தில் கடன் தீர்ப்பது குறித்த கட்டுரையைத் திறக்கிறார். மூன்று தளங்களுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. ஆனால் மூன்றிலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் துண்டு ஒட்டியிருந்தால், 7304918265 என்ற எண் மூன்று இடத்திலும் அதன் கையில் கிடைக்கிறது. மனச்சோர்வு, வேலை தேடல், கடன் என்று ஒரு மனிதரின் மிகக் கடினமான நாள் அந்த எண்ணுக்கு நேரே வரிசையாகப் பதிவாகிவிடுகிறது. அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஒருவேளை வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

"எங்களுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும்" என்பது விளம்பரத் துறையின் நெடுநாளைய வாதம். இதை நான் ஏற்கவில்லை. ஒருவரைத் தனியே அடையாளம் கண்டு, அவருக்கு என்ன காட்டலாம் என்று முடிவெடுக்கப் பெயர் தேவையே இல்லை. தவிர, அந்த வலையில் உள்ள ஏதாவது ஒரு தளத்தில் அவர் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டால் எண்ணையும் ஆளையும் முடிச்சுப் போட்டுவிடலாம்.

இதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. பல தளங்களில் விளம்பர இடம் நேரடி ஏலத்தில் விற்கப்படுகிறது. பக்கம் திரையில் விரிவதற்குள், ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில், வாசகர் எந்தப் பக்கத்தைப் படிக்கிறார், எந்தக் கருவியில் படிக்கிறார், உத்தேசமாக எங்கே இருக்கிறார், அவருடைய எண் என்ன என்ற விவரங்கள் ஏலம் கேட்கும் பல நிறுவனங்களுக்கு அனுப்பப்படுகின்றன. ஏலத்தில் வெல்வது ஒரு நிறுவனம். ஆனால் தோற்றவர்களும் விவரத்தைப் பார்த்துவிட்டார்கள். அதை அவர்கள் மறந்துவிட்டார்களா, எடுத்து வைத்துக்கொண்டார்களா என்பதை வாசகரால் எந்தக் காலத்திலும் சரிபார்க்க முடியாது. ஒப்புதல் பெட்டியில் "பங்காளர்கள்" என்ற தலைப்பின் கீழ் சில வேளை நூற்றுக்கணக்கான பெயர்கள் இருப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

தவறவிட்ட முதல் வாய்ப்பு

இந்த ஆபத்து யாருக்கும் தெரியாமல் வளர்ந்துவிடவில்லை. 1996 பிப்ரவரியில் 'பைனான்ஷியல் டைம்ஸ்' நாளிதழ் குக்கீகளைப் பற்றி எழுதியதையடுத்து விஷயம் பொதுவெளிக்கு வந்தது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1996, 1997 ஆண்டுகளில் நடத்திய விசாரணைக் கூட்டங்களில் இது பேசப்பட்டது. அதைவிட முக்கியமானது 1997 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 2109 என்ற தொழில்நுட்ப ஆவணம். குக்கீ எப்படி இயங்க வேண்டும் என்று வரையறுத்த அந்த ஆவணத்தை டேவிட் கிறிஸ்டலும் மாண்டுல்லியும் சேர்ந்து எழுதினார்கள். மூன்றாம் தரப்பு குக்கீகளை அனுமதிக்கக் கூடாது, குறைந்தபட்சம் பயனர் வலிய இயக்கினாலொழிய அவை வேலை செய்யக் கூடாது என்று அதில் எழுதப்பட்டிருந்தது.

அன்றைய பெரிய பிரவுசர்களான நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் அந்தப் பரிந்துரையைக் கண்டுகொள்ளவில்லை. விளம்பர நிறுவனங்கள் அதற்குள் அந்த வசதியின் மேல் தொழிலைக் கட்டத் தொடங்கியிருந்தன. அவற்றில் ஒன்றான டபுள்கிளிக்கைப் பத்தாண்டு கழித்து 310 கோடி டாலருக்கு வாங்க கூகுள் ஒப்பந்தம் செய்தது. குக்கீ வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் இடம் இது. இன்று சட்டமும் நீதிமன்றமும் அபராதமும் கொண்டு சரிசெய்யப் பார்ப்பதை, அன்றைக்குப் பிரவுசரில் ஒரு அமைப்பை மாற்றியே தடுத்திருக்கலாம். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாகிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் மின்னணுத் தனியுரிமை வழிகாட்டு ஆணையைக் கொண்டுவந்தது. குக்கீ வைப்பதாகப் பயனருக்குத் தெரிவிக்க வேண்டும், அதை மறுக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்பது அன்றைய நிலை. 2009-இல் இது திருத்தப்பட்டு, முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும் என்றானது. உறுப்பு நாடுகள் 2011 மே மாதத்துக்குள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. முதல் தலைமுறைப் பெட்டிகள் அப்போதுதான் தோன்றின. "இத்தளத்தைத் தொடர்ந்து பயன்படுத்தினால் சம்மதித்ததாகக் கொள்ளப்படும்" என்று பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதிவைத்தார்கள். அது வெறும் கண்துடைப்பு. வந்து நின்றதையே சம்மதமாக எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

2018 மே 25-இல் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, அதாவது ஜிடிபிஆர், நடைமுறைக்கு வந்ததும் ஒப்புதல் என்ற சொல்லுக்கு உயிர் வந்தது. ஒப்புதல் கட்டாயமின்றித் தரப்பட வேண்டும், குறிப்பிட்ட நோக்கத்துக்காக இருக்க வேண்டும், விவரம் அறிந்து தரப்பட வேண்டும், ஐயத்துக்கு இடமின்றி ஒரு செயலால் வெளிப்பட வேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும் கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். மீறினால் அபராதம் நிறுவனத்தின் உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 சதவீதம் வரை போகலாம்.

அடுத்த ஆண்டே ஒரு வழக்கில் இது சோதிக்கப்பட்டது. பிளானட்49 என்ற நிறுவனம் ஜெர்மனியில் நடத்திய பரிசுப் போட்டியில், குக்கீக்கான கட்டத்தில் முன்கூட்டியே டிக் குறி போட்டு வைத்திருந்தது. வேண்டாதவர்கள் அதை நீக்கிக்கொள்ளலாம் என்பது அதன் வாதம். 2019 அக்டோபர் 1 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. ஒருவர் எதையும் செய்யாமல் இருப்பது சம்மதமாகாது. குக்கீ எத்தனை காலம் இருக்கும், அதை வேறு யார் படிப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பதிவாகும் தகவல் ஒருவரை அடையாளம் காட்டுவதா, இல்லையா என்பதே கேள்வியில்லை. அவருடைய கருவிக்குள் நுழைவதற்கே அனுமதி வேண்டும். இந்த மூன்றையும் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

இங்கே விதிவிலக்கைக் கவனிக்க வேண்டும். தொடர்பை ஏற்படுத்துவதற்கும், பயனர் தானே கேட்ட சேவையைத் தருவதற்கும் கட்டாயம் தேவைப்படும் குக்கீகளுக்கு ஒப்புதலே வேண்டாம். கொள்முதல் கூடை, உள்நுழைவு, மொழித் தேர்வு போன்றவை இதில் அடங்கும். ஆகவே கண்காணிக்காத தளம் பெட்டி வைக்க வேண்டியதில்லை. நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் தளம் 2020 டிசம்பரில் இதைச் செய்து காட்டியது. அத்தியாவசியமற்ற குக்கீகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, ஆகவே இனி எங்கள் தளத்தில் பெட்டி வராது என்று அறிவித்தது. பிற்பாடு நிறுவனங்களுக்கான விற்பனைப் பக்கங்களில் மட்டும் சில குக்கீகளைத் திரும்பக் கொண்டுவந்தது. எங்கே கண்காணிப்பு வந்ததோ அங்கேதான் அனுமதி கேட்கும் கட்டாயமும் வந்தது.

பெட்டியின் உள்ளே

சற்று நெருங்கிப் பார்ப்போம். "அனைத்தையும் ஏற்கிறேன்" என்ற பொத்தான் பளிச்சென்ற நிறத்தில், பெரிதாக இருக்கும். பக்கத்தில் "நிராகரிக்கிறேன்" என்ற பொத்தானைத் தேடினால் கிடைக்காது. மங்கிய சாம்பல் நிறத்தில் "விருப்பங்களை நிர்வகிக்க" என்று ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் இன்னொரு திரை: விளம்பரம், அளவீடு, தனிப்பயனாக்கம் என்று வரிசையாகச் சுவிட்சுகள். அவை அணைந்திருப்பதைக் கண்டு நிம்மதி அடைய வேண்டாம். "நியாயமான நலன்" என்று, அதாவது ஒப்புதல் கேட்காமலேயே தகவலைக் கையாள நிறுவனங்கள் காட்டும் காரணத்தின் பெயரில், வேறொரு தாவல் இருக்கும். அதற்குள் போனால் மறுபடியும் அதே வகைச் சுவிட்சுகள், இம்முறை இயங்கும் நிலையில். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கீழே வந்தால், மறுபடியும் பளிச்சென்று "அனைத்தையும் ஏற்கிறேன்". நம் தேர்வைச் சேமிக்கும் பொத்தான் அதன் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். சோர்ந்துபோய்ச் சம்மதிக்க வைப்பதற்காகவே கட்டப்பட்ட பாதை இது.

இதன் பலன் எவ்வளவு என்பதையும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரிட்டனில் அதிகம் பார்க்கப்படும் தளங்களில் இருந்த ஒப்புதல் பெட்டிகளைச் சோதித்தார்கள். சட்டத்தின் அடிப்படை நிபந்தனைகளையாவது நிறைவேற்றியவை 11.8 சதவீதம்தான். நிராகரிக்கும் பொத்தானை முதல் திரையிலிருந்து எடுத்துவிட்டால் ஒப்புதல் கொடுப்பவர்களின் விகிதம் 22 முதல் 23 சதவீதப் புள்ளிகள் கூடுகிறது என்றும் அதே ஆய்வு கண்டது. ஆளும் அவர் எண்ணமும் மாறவில்லை. பொத்தானின் இடம்தான் மாறியது. அப்படிக் கிடைத்த சம்மதத்தை மனமுவந்த சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு அமைப்பான சிஎன்ஐஎல் இதைக் கண்டிப்புடன் அணுகியது. ஏற்பதற்கு ஒரு சொடுக்கு, மறுப்பதற்குப் பல சொடுக்குகள் என்று வைத்திருந்ததற்காக கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது. ஆஸ்திரிய வழக்கறிஞர் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் நிறுவிய நோயப் என்ற அமைப்பு, 2021-இல் ஐநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அவர்களின் பெட்டி சட்டவிரோதமானது என்று புகார் வரைவுகளை அனுப்பியது. ஐரோப்பாவில் இன்று பல தளங்களில் நிராகரிக்கும் பொத்தான் முதல் திரையிலேயே தென்படுவதற்கு இத்தகைய அழுத்தங்களுக்குப் பெரும் பங்குண்டு.

எதிர்த்தரப்பு சொல்வது

சட்டத்தைக் குறை சொல்பவர்கள் எல்லோரும் விளம்பர நிறுவனங்களின் ஆட்கள் அல்லர். அவர்களின் வாதங்களில் வலுவானவை உண்டு.

முதலாவது, சலிப்பு. நாள் முழுக்கக் கேட்கப்படும் கேள்விக்கு யாரும் யோசித்துப் பதில் சொல்வதில்லை. தாங்கள் செல்லும் தளங்களின் தனியுரிமைக் கொள்கைகளையெல்லாம் வரிவிடாமல் படித்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2008-லேயே கணக்கிட்டார்கள். படிக்க முடியாததைப் படித்துப் புரிந்து ஒப்புக்கொண்டதாகப் பாவனை செய்யும் ஏற்பாடு இது. இந்த விமர்சனம் முழுக்கச் சரி. சட்டம் எழுதியவர்கள் தனி மனிதர் தலையில் தாங்க முடியாத சுமையை வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது, பணம். செய்தித் தளங்கள் பலவும் விளம்பர வருவாயில்தான் வாழ்கின்றன. கண்காணிப்பின்றி விளம்பரத்துக்குக் குறைந்த விலையே கிடைக்கும், சிறிய தளங்கள் மூட வேண்டியிருக்கும் என்று அவை அஞ்சுகின்றன. அச்சம் புரிகிறது. ஆனால் நெதர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்பிஓ 2020 தொடக்கத்தில் கண்காணிப்பு விளம்பரங்களைக் கைவிட்டு, பார்க்கப்படும் நிகழ்ச்சிக்குப் பொருத்தமான விளம்பரங்களுக்கு மாறியது. அதைத் தொடர்ந்த மாதங்களில் அதன் இணைய விளம்பர வருவாய் முந்தைய ஆண்டைவிடக் கூடியது. இடைத்தரகர்களுக்குப் போன பங்கு மிச்சமானது அதற்கு ஒரு காரணம். பொது ஒலிபரப்பு நிறுவனத்துக்குக் கிடைத்த வெற்றி எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். கண்காணித்தால்தான் பிழைக்க முடியும் என்ற வாதத்தை மட்டும் இது அசைத்துவிட்டது.

பணத்தோடு சேர்ந்தே வந்தது "கட்டணம் செலுத்து, அல்லது ஒப்புக்கொள்" என்ற முறை. மெட்டா நிறுவனம் 2023 நவம்பரில் ஐரோப்பாவில், விளம்பரமில்லாத ஃபேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் இணையதளம் வழியாக மாதம் 9.99 யூரோ என்று விலை வைத்தது. பணம் தராதவர்கள் கண்காணிப்புக்குச் சம்மதிக்க வேண்டியிருந்தது. பெரிய தளங்கள் இந்த இரண்டை மட்டும் முன்வைத்தால் பெரும்பாலும் அது உண்மையான ஒப்புதலாகாது என்று ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2024 ஏப்ரலில் கருத்துத் தெரிவித்தது. மறு ஆண்டு ஏப்ரலில், பெரிய இணைய நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கீழ் ஐரோப்பிய ஆணையம் மெட்டாவுக்கு 20 கோடி யூரோ அபராதம் விதித்தது. அந்தரங்கம் காசுள்ளவருக்கு மட்டும் என்றாகிவிட்டால் அது உரிமையாக இருக்காது, ஆடம்பரப் பொருளாகிவிடும்.

மூன்றாவது வாதம் எண்ணிக்கை எடுப்பது குறித்தது. எத்தனை பேர் எந்தப் பக்கத்தைப் படித்தார்கள் என்று தளத்துக்காரர் தன் சொந்தப் பயனுக்கு எண்ணிப் பார்ப்பதையும், ஊரெல்லாம் பின்தொடர்வதையும் ஒரே தட்டில் வைப்பது சரியா? சரியில்லை என்றே நினைக்கிறேன். பிரான்ஸ் கடும் நிபந்தனைகளோடு இத்தகைய அளவீட்டுக்கு ஏற்கெனவே விலக்கு அளித்திருக்கிறது. பிரிட்டனும் 2025-இல் இயற்றிய தரவுச் சட்டத்தில் இதற்கு இடம் கொடுத்தது.

ஒருமுறை சொன்னால் போதாதா?

தளத்துக்குத் தளம் கேட்பதற்குப் பதில், "என்னைப் பின்தொடராதே" என்று பிரவுசரில் ஒரே முறை சொல்லிவைத்து, அதை எல்லாத் தளங்களும் மதித்தால் என்ன? நியாயமான இந்த யோசனை புதிதல்ல. 2009 வாக்கில் "டூ நாட் ட்ராக்" என்ற பெயரில் முன்வைக்கப்பட்டு, பெரிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் அந்த வசதி வந்தது. ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் பிரவுசர் அந்த வேண்டுகோளைச் சேர்த்து அனுப்பும். ஆனால் அதை மதித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை. 2012-இல் மைக்ரோசாஃப்ட் தன் பிரவுசரில் அதை இயல்பாகவே இயங்கும்படி வைத்தபோது, இது பயனரின் விருப்பமாகாது என்று சொல்லி விளம்பரத் துறை ஒதுக்கித் தள்ளியது. தரநிலை வகுத்துக்கொண்டிருந்த குழு 2019-இல் கலைக்கப்பட்டது. நல்லெண்ணத்தை நம்பிய ஏற்பாட்டின் கதி அது.

அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 2020-இல் வந்த குளோபல் பிரைவசி கன்ட்ரோல். இதுவும் பிரவுசர் அனுப்பும் சைகைதான், ஆனால் இம்முறை சட்டம் பின்னால் நிற்கிறது. கலிஃபோர்னியாவின் சட்டம் ஐரோப்பாவைப் போல முன் அனுமதி கேட்பதில்லை. தகவலை விற்காதே என்று சொல்லும் உரிமையைத்தான் தருகிறது. இந்தச் சைகையை அந்த உரிமைக்கான முறையான கோரிக்கையாக அங்கே ஏற்கிறார்கள். அதை மதிக்காததும் குற்றச்சாட்டுகளில் ஒன்றாக இருந்த வழக்கில், அழகுசாதன நிறுவனமான செஃபோரா 2022 ஆகஸ்டில் 12 லட்சம் டாலர் செலுத்தி உடன்பாட்டுக்கு வந்தது. பிரவுசர்களே இந்த வசதியைத் தர வேண்டும் என்று 2025 அக்டோபரில் அம்மாநிலம் சட்டம் இயற்றிவிட்டது. 2027 ஜனவரியில் அது நடைமுறைக்கு வரும்.

ஐரோப்பாவும் மெல்ல அந்தப் பக்கம் திரும்புகிறது. 2017-இல் முன்மொழியப்பட்ட மின்னணுத் தனியுரிமை ஒழுங்குமுறை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2025-இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 19 அன்று ஐரோப்பிய ஆணையம் புதிய திருத்தங்களை வெளியிட்டது. ஒரே சொடுக்கில் மறுக்க வழி வேண்டும், மறுத்தவரிடம் ஆறு மாதத்துக்கு மீண்டும் கேட்கக் கூடாது, பிரவுசர் வழியாக வரும் தேர்வைத் தளங்கள் மதிக்க வேண்டும் என்பன அதில் உள்ளவை. ஐரோப்பிய நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளின் கவுன்சிலும் ஏற்றால்தான் சட்டமாகும். பிரவுசர் சைகையை மதிப்பதிலிருந்து செய்தி ஊடகங்களுக்கு இந்த முன்மொழிவு விலக்குக் கேட்கிறது. ஊடகங்களின் வருவாய்க் கவலை உண்மையானது என்றாலும், மனிதர்கள் தங்கள் அச்சங்களையும் அரசியல் சாய்வையும் அதிகம் வெளிப்படுத்தும் இடம் செய்தித் தளம். அங்கே காவலைத் தளர்த்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிரவுசரிடம் பொறுப்பைக் கொடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்பு குக்கீகளை முழுமையாகத் தடுத்தது. ஃபயர்பாக்ஸ் 2019-இல் கண்காணிப்பு குக்கீகளை இயல்பாகத் தடுக்கத் தொடங்கி, 2022-இல் ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனி அறையில் பூட்டியது. கூகுளின் குரோம் மட்டும் இரண்டாண்டில் நிறுத்துவதாக 2020-இல் அறிவித்து, மீண்டும் மீண்டும் தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. உலகின் பெரிய விளம்பர நிறுவனமே பெரும்பாலோர் பயன்படுத்தும் பிரவுசரையும் வைத்திருப்பது இதன் பின்னணி. அது குக்கீயைத் தடுத்தால் போட்டி விளம்பர நிறுவனங்கள் நசுங்கும், தடுக்காவிட்டால் வாசகரின் அந்தரங்கம் நசுங்கும். பிரிட்டனின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு இதில் தலையிட்டதற்கும் காரணம் இதுதான்.

குக்கீ ஒழிந்தாலும் கண்காணிப்பு ஒழிந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், பிரவுசரின் பதிப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே ஒரு கருவியை அடையாளம் காணலாம். இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010-இல் நடத்திய சோதனையில், வந்து பார்த்த பிரவுசர்களில் 83.6 சதவீதத்துக்கு இப்படிப்பட்ட கைரேகை மற்றெதற்கும் இல்லாத தனிக் கைரேகையாக இருந்தது. குக்கீயையாவது அழிக்கலாம், இந்தக் கைரேகையை அழிக்க வழியில்லை. ஐரோப்பியச் சட்டத்தில் குக்கீ என்ற சொல்லைக் காட்டிலும் "பயனரின் கருவியில் தகவலைச் சேமிப்பது, அங்குள்ளதை அணுகுவது" என்ற பொருளில் விரிவாக எழுதியிருப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது.

நாம் செய்யக்கூடியவை

பிரவுசரின் அமைப்புகளில் மூன்றாம் தரப்பு குக்கீகளைத் தடுக்கும் வசதி இருக்கிறது. பெரும்பாலான தளங்கள் அதன் பிறகும் ஒழுங்காகவே இயங்கும். ஃபயர்பாக்ஸ், பிரேவ் போன்றவற்றில் குளோபல் பிரைவசி கன்ட்ரோல் உள்ளேயே இருக்கிறது; மற்றவற்றில் நீட்சியாக (எக்ஸ்டென்ஷன்) சேர்க்கலாம்.

பெட்டியில் "நிராகரிக்கிறேன்" என்று அழுத்தினால் தளம் பழுதாகிவிடும் என்ற பயம் வேண்டாம். அத்தியாவசியக் குக்கீகள் அப்போதும் வேலை செய்யும். நாம் மறுத்த செய்தியே பெரும்பாலும் ஒரு குக்கீயாகத்தான் சேமிக்கப்படுகிறது. ஆகவே எல்லாக் குக்கீகளையும் அடிக்கடி அழிப்பவர்களுக்கு அதே பெட்டி மறுபடி மறுபடி வரும், உள்நுழைந்த கணக்குகளும் வெளியேறிவிடும். மூன்றாம் தரப்பை மட்டும் தடுப்பது இதைவிட நிம்மதியான வழி. பிரவுசரின் தனிப்பட்ட சாளரத்தில் (இன்காக்னிட்டோ) உலவினால் மூடியதும் குக்கீகள் போய்விடும் என்பது உண்மை. ஆனால் நாம் பார்க்கும் தளத்திடமிருந்தோ இணைய இணைப்பு தருபவரிடமிருந்தோ அது நம்மை மறைக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மறுக்க வழியே தராத பெட்டியைக் கண்டால், திரையைப் படமெடுத்து, தங்கள் நாட்டின் தரவுப் பாதுகாப்பு அமைப்பிடம் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.